செத்துப்போன தம்பி போட்ட தரை

புதன்கிழமைதோறும் மதியம் பன்னிரண்டரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் ஒரு சிவப்பு ஸ்கூட்டர் வந்து நிற்கும். தோளில் துணிப்பையும் கையில் ஹெல்மெட்டுமாக ஒரு பெண் உள்ளே போவார். ஒன்றரை மணி நேரம் கழித்து, வந்ததைவிடக் கொஞ்சம் மெதுவாக நடந்து வெளியே வருவார். தெருவில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் என்றார். முனைக்கடைக்காரர், அதெல்லாம் இல்லை, வீட்டை விற்கப் பேசுகிறார்கள் என்று அடித்துச் சொன்னார். உண்மை தெரிந்தபோது எல்லோருக்கும் சப்பென்று போய்விட்டது. அந்த வீட்டு அக்கா வாரம் முழுவதும் மனசு சரியில்லாதவர்களிடம் உட்கார்ந்து பேசுகிறாள். அவள் எப்படிப் பேசினாள் என்று கேட்க இந்தப் பெண் வருகிறார்.

“பேசுறதுக்கு ஒரு ஆளு, பேசினதைக் கேக்குறதுக்கு இன்னொரு ஆளா?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

கேள்வி நியாயமானதுதான். எனக்கும் அந்தச் சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். சமையல்காரர் உப்பை அள்ளிப் போட்டால் சாப்பிடுகிறவர் நாக்கு சொல்லிவிடும். தையல்காரர் தப்பாக வெட்டினால் சட்டை சொல்லிவிடும். இந்த வேலையில் மூடிய அறைக்குள் இரண்டே பேர். அதில் ஒருவர் அழுதுகொண்டிருப்பார். மற்றவர் சரியாகத்தான் செய்கிறாரா என்று யார் பார்ப்பது? அதற்குத்தான் மேற்பார்வை. புதிதாக வந்தவர் முந்நூறு மணி நேரம் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். கடைசியில் மேற்பார்வையாளர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவார். அது இல்லாமல் சொந்தப் பொறுப்பில் ஆள் பார்க்க முடியாது.

அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. மேற்பார்வையாளருக்கு முப்பத்து நாலு. கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

அக்கா அதற்கு முன் பதினெட்டு வருடம் டெலிபோன் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருந்தவள். காதில் மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு நூறு பேரிடம் திட்டு வாங்குகிற வேலை. அந்தப் பிரிவை மூடி இயந்திரக் குரலை வைத்துவிட்டார்கள். அக்கா ஒரு மாதம் சும்மா இருந்தாள், பிறகு இரண்டு வருடம் படித்தாள், படித்து முடித்து ஆலோசனை மையத்தில் சேர்ந்தாள். மேற்பார்வைக்கு வந்தவரை மையத்தில் எல்லோரும் மேடம் என்பார்கள். அக்காவும் மேடம் என்றாள். மேடமோ முதல் நாளே, “உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரலைங்க, அக்கான்னே கூப்பிடுறேன்” என்று சொல்லிவிட்டார்.

மழைக்காலத்தில் மையத்தின் பின்னறை ஒழுக ஆரம்பித்தது. மிச்சமிருந்த இரண்டு அறைகளிலும் எப்போதும் ஆள் இருந்தார்கள். “எங்க வீடு பக்கம்தானே, வாங்களேன்” என்றாள் அக்கா. முதல் வாரம் டீ. இரண்டாவது வாரம் டீயோடு ரொட்டி. மூன்றாவது வாரம் வறுத்த மீனும் சோறும். வாசலில் “வாம்மா” என்பாள். நோட்டைப் பிரித்ததும் “மேடம்” என்பாள்.

வீட்டில் இன்னும் இரண்டு பேர். அக்காவின் தம்பி டைல்ஸ் மேஸ்திரி. கூட வேலை செய்கிறவர்கள் அவனை ரசமட்டம் என்று கூப்பிடுவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மேசையிலோ ஜன்னல் கட்டையிலோ வைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டுவான். ஊரார் தரையெல்லாம் பளபளக்க, அவன் சமையலறைச் சுவர் மட்டும் ஆறு வருடமாகப் பாதி டைல்ஸோடு நிற்கிறது. அவன் மனைவி லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. மேடம் நோட்டை எடுத்தவுடன் யாரும் சொல்லாமலே அவள் சமையலறையை விட்டு எழுந்து முன்னறைக்குப் போய்விடுவாள். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். ஒரு வார்த்தை காதில் விழக்கூடாது என்பதில் அக்காவைவிட அவளுக்குத்தான் கண்டிப்பு.

மேடத்தின் குளியலறைக்குத் தம்பிதான் டைல்ஸ் மாற்றிக் கொடுத்தான். கேட்டது மேடம் இல்லை, அக்காதான் அனுப்பி வைத்தாள். குளியலறை போட்டுக் கொடுத்தவனின் அக்காவிடம், மீனைச் சாப்பிட்டுக்கொண்டே, எந்த அளவுக்கு முகத்தைச் சுளிக்க முடியும்? மையத்தில் ஒலிப்பதிவுக் கருவி உண்டு. வருகிறவர் சம்மதித்தால் பேச்சைப் பதியலாம். மேற்பார்வையாளர் மாதம் ஒன்றாவது கேட்க வேண்டும் என்பது விதி. மேடம் கேட்கவில்லை. அக்காவின் நோட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. வருகிறவர்களுக்குப் பேர் கிடையாது, எண்தான். என்ன பேசினார்கள், எங்கே நிறுத்தினார்கள், அடுத்து என்ன, எல்லாம் வரிசையாக இருக்கும். படித்துவிட்டு மேடம் தலையாட்டுவார்.

அந்தப் புதன்கிழமை காலையிலிருந்தே மழை. பதினொன்றாம் எண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது முன்கதவு திறந்தது. தம்பி, வேலைப் பையோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றான்.

“என்னங்க இந்நேரத்துக்கு?” என்றாள் மனைவி.

“வெளியே போன்னுட்டாங்க.”

“என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. தரை போட்டேன்.”

ரேடியோவை மீறிக் கேட்டது. அக்கா எட்டிப் பார்த்தாள். சமையலறை வாசலில் நின்ற தம்பி மேடத்துக்கு ஒரு வணக்கம் வைத்தான்.

“மன்னிச்சுக்குங்க மேடம். ரெண்டு நிமிஷம். அக்கா, இதைக் கேளேன். கடைத்தெருவுல மூக்குக் கண்ணாடிக்கடை வச்சிருக்காங்களே ஒரு அம்மா, அவங்க வீட்டுக்குச் சமையலறைத் தரை போட நேத்துலேர்ந்து போயிட்டிருக்கேன். நல்ல அம்மா. இன்னைக்கு டீ கொடுத்தாங்க. நான்தான் வாயை வச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டேனே. எங்க வீட்டு போட்டோவைப் போன்ல காட்டினேன். இது என் சம்சாரம், இது எங்க அக்கா, கவுன்சிலிங் சென்டர்ல இருக்கான்னு. அந்தம்மா போனை வாங்கிக் கிட்ட வச்சுப் பாத்தாங்க. தூர வச்சுப் பாத்தாங்க. ‘இவங்களுக்கு எத்தனை தம்பி?’ன்னு கேட்டாங்க. நான் ஒருத்தன்தாங்க, வேற கூடப்பொறந்தவங்க யாருமில்லன்னேன். அப்படியே டைல்ஸ் பெட்டி மேல உக்காந்துட்டாங்க. கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தாங்க. அப்புறம், ‘எழுந்திரிச்சுப் போங்க’ன்னாங்க. பசை பூசி வச்சிருக்கேன்மா, காஞ்சு போயிடும்னேன். ‘காயட்டும், போங்க’ன்னுட்டாங்க. பாதித் தரை அப்படியே கிடக்கு.”

அக்கா நோட்டை மூடினாள்.

“உனக்கு அவங்களைத் தெரியுமா அக்கா?”

தெரியும் என்று சொல்லக்கூடாது. அந்த அம்மாள் ஆறு மாதமாக வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தன் எதிரே உட்காருகிறவர் என்பதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லக்கூடாது. தெரியாது என்று சொன்னால் பொய்.

“அவங்களைத் தெரியுமா தெரியாதான்னு எங்ககிட்டக் கேக்கக் கூடாதுங்க” என்றார் மேடம். “யாரைப் பத்திக் கேட்டாலும் இதே பதில்தான். தலையைத் துவட்டிக்கிட்டுக் கொஞ்சம் முன்னாடி இருங்க.”

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான். மேடம் தட்டைத் தள்ளி வைத்தார். மீன் பாதியில் இருந்தது.

“அக்கா, நோட்டைக் குடுங்க.”

“மேடம், அது வந்து...”

“குடுங்க.”

பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடிக்கடை என்றதுமே அவருக்கு ஞாபகம் வந்த பதினைந்தாம் எண். ஆறு மாதம், இருபத்து மூன்று சந்திப்புகள். தம்பியைக் குடிக்குப் பறிகொடுத்தவர். ஒரு நாள் சாயங்காலம் அவன் தள்ளாடி வந்தபோது கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காலையில் திறந்தபோது அவன் படியில் இல்லை. பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கிடந்தான். முதல் மாதக் குறிப்புகளில் ‘சாப்பிடுவதில்லை’, ‘கடை திறப்பதில்லை’, ‘விடியாமல் இருந்தால் நல்லது என்கிறார்’ என்று இருந்தது. அதற்கடுத்து ஒரு வரி: ‘சொந்த அனுபவம் பகிர்ந்தேன்.’ பிறகு ‘சாப்பிடுகிறார்.’ பிறகு ‘கடை திறந்தார்.’ மேடத்துக்கு அந்தப் பக்கம் நன்றாக ஞாபகம் இருந்தது. நல்ல முன்னேற்றம் என்று ஓரத்தில் எழுதியிருந்ததே அவர்தான்.

மற்ற எண்களையும் புரட்டினார். ‘சொந்த அனுபவம் பகிர்ந்தேன்.’ மொத்தம் ஏழு பேர் பக்கத்தில் அதே வரி.

“என்ன அனுபவம் அக்கா?” என்றார் மேடம். கேட்கும்போதே, இதை ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. முகம் சிவந்துபோயிற்று.

“என் தம்பியும் குடிச்சுச் செத்தான்னு சொன்னேன்.”

முன்னறையில் செத்துப்போன தம்பி மூன்று முறை தும்மினான்.

“மூணாம் நம்பர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“எனக்கும் விவாகரத்து ஆச்சுன்னு.”

“உங்களுக்குக் கல்யாணமே ஆகலையே.”

“ஆமா.”

“எட்டாம் நம்பர் பையன்கிட்ட?”

“நானும் மூணு தடவை பெயிலானேன்னு.”

“நிஜமா எத்தனை தடவை?”

“ஒரு தடவைகூட இல்ல மேடம். ஸ்கூல்லயே முதல்.”

வேறு நேரமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். மேடத்துக்கு வரவில்லை. ஆனால் கோபத்துக்கு அடியில் இன்னொன்று கிளம்பியது. இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இந்தப் பொம்பளை பொய் சொல்கிறவள் இல்லை. கடையில் மீதிச் சில்லறை அதிகமாகக் கொடுத்துவிட்டால் மழையில் நடந்து போய்த் திருப்பிக் கொடுக்கிற ஆள்.

“எப்படி அக்கா? இது எங்கேர்ந்து பழக்கம்?”

அக்காவுக்கே அப்போதுதான் தெரிய வந்திருக்க வேண்டும்.

“புகார்ல இருந்தேனே. லைன் போச்சுன்னு எடுத்தவுடனே கத்துவாங்க. கெட்ட வார்த்தைகூட வரும். ‘எங்க வீட்டுலயும் காலையிலேர்ந்து லைன் இல்லீங்க, நீங்க படுற பாடு எனக்குத் தெரியுது’ன்னு சொன்னா போதும். குரல் அப்படியே இறங்கிடும். ‘ஐயோ, உங்களுக்குமா?’ன்னு அவங்களே எனக்கு ஆறுதல் சொல்லுவாங்க. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவேன். அது பொய்னே எனக்குத் தோணினதில்ல மேடம். அது அந்த வேலையோட ஒரு வார்த்தை. இங்க வந்து முதல் தடவை ஒருத்தங்க என் முன்னாடி அழுதப்ப, வாய் தானா அங்கேயே போயிடுச்சு.”

“அதுக்கு பலன் இருந்துச்சா?”

“இருந்துச்சு. அதுதான் எனக்கு பயமா இருக்கு. மூணு வாரம் சாப்பிடாதவங்க சாப்பிட்டாங்க. என் தம்பியும் போனான், கதவைச் சாத்தினது நான்தான், இன்னும் நான் உயிரோட வேலைக்கு வந்துட்டுத்தானே இருக்கேன்னு சொன்னேன். அன்னைக்குத்தான் என்னை நிமிர்ந்து பாத்தாங்க.”

“இப்போ அந்தத் தம்பி அவங்க வீட்டுத் தரையில உக்காந்து டீ குடிச்சிருக்காரு.”

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பயந்துதான் போயிருந்தாள். விடியாமல் இருந்தால் நல்லது என்று சொன்னவர், பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொழுகொம்பு பொய் என்று தெரிந்த பிறகு, தனி வீட்டில், பாதி போட்ட தரையில் உட்கார்ந்திருக்கிறார். படிவமும் கையெழுத்தும் அக்காவுக்கு அப்போது ஞாபகத்தில்கூட இல்லை.

“நான் ஓடிப்போய்ப் பாத்துட்டு வரட்டுமா?”

“வேணாம். வீட்டுக்குப் போகக்கூடாது. சென்டருக்குப் போவோம். அங்கேர்ந்து போன் பண்ணுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.”

“என்ன சொல்லட்டும்? பெரியப்பா பையன்னு ஒருத்தன் இருந்தான், அவனைத்தான் தம்பின்னு சொன்னேன்னு...”

“அக்கா! இன்னொரு தம்பியைப் பெத்துக்கிட்டு வராதீங்க.”

மழையிலேயே இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். தம்பியின் மனைவி பின்னாலேயே குடையோடு ஓடிவந்து, ஸ்கூட்டரில் குடை பிடிக்க முடியாது என்பது நினைவு வந்து வாசலிலேயே நின்றாள்.

மையத்தில் அக்கா எண்ணை அழுத்தினாள். மூன்று முறை அடித்து நின்றது. நான்காவது முறை எடுத்தார்கள்.

“நான் சென்டர்லேர்ந்து பேசுறேங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் தப்பாச் சொல்லியிருக்கேன். அதை நேர்ல சொல்லணும்.”

“நேர்லதான் வந்துச்சே, டைல்ஸ் பெட்டியோட” என்றது அந்தப் பக்கம். போன் கட்டாகிவிட்டது.

மேடம் போனை வாங்கி மறுபடி அழுத்தினார். தான் யார் என்று சொன்னார். “அவங்க உங்ககிட்ட எப்படிப் பேசுறாங்கன்னு பாக்க வேண்டியது நான். பாக்கல. அது என் தப்பு. இப்போ ஒண்ணு மட்டும் கேக்கணும். முன்னாடி ஒரு சமயம் விடியாம இருந்தா நல்லதுன்னு சொல்லியிருக்கீங்க. இன்னைக்கு எப்படி இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

அந்தப் பக்கம் மேசை இழுப்பறையை இழுக்கிற சத்தம் கேட்டது.

“செத்துட மாட்டேன், பயப்படாதீங்க. உங்க சென்டர் மேல எழுதிப் போடப் பேப்பர் தேடிட்டிருக்கேன்.”

“கண்டிப்பா எழுதுங்க. யாருக்கு அனுப்பணும்னு விலாசம் சொல்றேன், எழுதிக்குங்க.”

அந்த அம்மாளுக்கு இது எதிர்பாராதது போலிருக்கிறது. “பேனா எடுத்துக்கறேன், இருங்க” என்றார். விலாசத்தை எழுதிக்கொண்டார். ராத்திரிக்குத் தங்கை வருகிறாள் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தால் வேறொரு ஆலோசகர் காத்திருப்பார், வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்று மேடம் சொன்னார். பார்க்கலாம் என்று பதில் வந்தது.

போனை வைத்துவிட்டு மேடம் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இனிமே உங்க வீட்டுக்கு வர மாட்டேன். எனக்கு மேல ஒருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்ட எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கப் போறேன். படிவத்துல கையெழுத்து இப்போ கிடையாது. மத்த ஆறு பேர்கிட்டயும் நீங்க உண்மையைச் சொல்லணும், எப்படிச் சொல்றதுன்னு ஒவ்வொண்ணா உக்காந்து பேசுவோம். பதிவு எல்லாத்தையும் முதல்லேர்ந்து கேப்போம். உங்களுக்கு வேற மேற்பார்வையாளர் வேணும்னா அதுக்கும் உரிமை இருக்கு.” பிறகு குரல் கொஞ்சம் மாறியது. “இன்னொண்ணு. இனிமே உங்களை அக்கான்னு கூப்பிட மாட்டேன். அக்கான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டே நான் பாதிக் கேள்விய முழுங்கிட்டேன்.”

மற்றதெல்லாம் தாங்கிக்கொண்ட அக்காவுக்கு இதுதான் வலித்தது. ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. தம்பி குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, சமையலறையில் அந்தப் பாதி டைல்ஸ் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி மூன்று பேருக்கும் டீ ஊற்றினாள்.

“அந்தம்மா யாருன்னு நான் கேக்கல” என்றான். “நீ சொல்ல மாட்டே, தெரியும். என்னைப் பத்தி நீ வெளிய என்ன சொன்னேன்னு கேக்கலாமில்ல?”

அதைக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு என்று மேடமும் சொல்லியிருந்தார்.

“செத்துட்டேன்னு சொன்னேன்.”

“யாரு, நீயா?”

“நீ.”

தம்பி டீயைக் கீழே வைத்தான். “எதுல செத்தேன்?”

“குடியில.”

“எப்போ?”

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. அந்த மழைச் சாயங்காலம், நான் கதவைச் சாத்தினேனே, அன்னைக்கு.”

அவன் மனைவிக்குப் பாவம், முதலில் சிரிப்புதான் வந்தது. “அப்போ எனக்கு யாரோட கல்யாணம் ஆச்சு?” என்றாள். கணவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“அக்கா, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. ஒன்பது வருஷமா நான் தொடல. ஒரு சொட்டு இல்ல. வேலை முடிஞ்சு எல்லாரும் குடிக்கப் போற வழியை விட்டுட்டு நான் மட்டும் சுத்து வழியில வீட்டுக்கு வர்றேன். உனக்குத் தெரியும். யாருக்கோ ஆறுதல் சொல்லணும்னா அதைச் சொல்லக் கூடாதா? என் தம்பி தேறி வந்துட்டான்னு. அது பத்தாதா?”

“பத்தாதுடா. தேறி வந்தவனை வச்சு, வராதவங்களுக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்? வயிறெரியும்.”

“அதுக்காக என்னைக் கொன்னுட்டியா?”

“எனக்கு நீ அன்னைக்குச் செத்துத்தான் போனே” என்றாள் அக்கா. சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தேன். மழை கொட்டுது. முதல்ல தட்டினே. அப்புறம் தட்டல. ஏன் தட்டலன்னு விடியற வரைக்கும் நினைச்சுட்டே இருந்தேன், எழுந்து போய்த் திறக்கல. நீ செத்திருப்பேன்னு முடிவே பண்ணிட்டேன். காலையில திறந்தா படியில படுத்திருக்கே, உடம்பு கொதிக்குது. அன்னைக்கு ராத்திரி நான் யோசிச்சதை இந்த வீட்டுல யார்கிட்டயும் சொன்னதில்ல. முதல் தடவையா அங்க சொன்னேன். முடிவை மட்டும் மாத்திட்டேன்.”

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தச் சாயங்காலத்தில் ஒன்றும் ஞாபகமில்லை. தட்டினோமா என்பதுகூடத் தெரியாது. ஒன்பது வருடமாகத் தன்னால் அக்காவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவன்.

“டீ ஆறுது அண்ணி, குடிங்க” என்றாள் தம்பி மனைவி.

கொஞ்ச நேரம் கழித்து அவன், “நான் போய் அந்தத் தரையை முடிச்சுக் கொடுத்துட்டு, அப்படியே நடந்ததைச் சொல்லிட்டு வரட்டுமா?” என்று கேட்டான்.

“அவங்களே கூப்பிட்டாத் தவிரப் போகாதே. கூப்பிட்டாலும் தரையை மட்டும் போடு.”

“வாயை வச்சுட்டுச் சும்மா இருன்னு சொல்றே.”

“எனக்கும் சேத்துத்தான் சொல்லிக்கறேன்.”

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கே கண்ணாடிக் கடைக்காரம்மா வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். தன் கடைக் கண்ணாடியையே போட்டிருந்தார். கையில் மடித்த கடிதம். புது ஆலோசகர் எழுந்து வரவேற்றார். அந்த அம்மாள் அவரைத் தாண்டிப் பார்த்து, “அவங்க இருக்காங்களா? அஞ்சு நிமிஷம் போதும்” என்றார்.

மேடம் யோசித்தார். பிறகு, “நானும் உள்ளே இருப்பேன். உங்களுக்குப் பரவாயில்லையா?” என்று கேட்டார்.

“இருங்க. யாராவது இருந்தாத்தான் நல்லது.”

மூவரும் உட்கார்ந்தார்கள். அக்கா இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் நிறைய இருந்தன. அதில் ஒன்றைத்தான் சொன்னாள். “என் தம்பி சாகல. உங்ககிட்டப் பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்கன்னு கேக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல.”

“மன்னிக்க வரல” என்றார் அந்த அம்மாள். கைப்பையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். சொல்ல வேண்டியதை நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுவது என்று நினைத்து வந்திருப்பார். “பொய் சொன்னதுக்குக்கூட எனக்கு அவ்வளவு கோவம் இல்லைங்க. அந்த ஆளு என் தரையில சம்மணம் போட்டு உக்காந்து, பாட்டுப் பாடிக்கிட்டே ஒவ்வொரு டைல்ஸா தட்டித் தட்டி வச்சாரு. எனக்கு அதைப் பாக்கவே நல்லாயிருந்துச்சு. அப்புறம் அந்த போட்டோ. அந்த நிமிஷம் அவரு உயிரோட இருக்காரேன்னு எனக்கு ஆத்திரம் வந்துச்சு பாருங்க, அது எவ்வளவு கேவலம்! அதை யார்கிட்டச் சொல்றது?”

‘எனக்கும் அப்படித்தான்’ என்று நாக்கு நுனிவரை வந்ததை அக்கா அப்படியே உள்ளே தள்ளினாள். பக்கத்து நாற்காலியில் மேடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கதவைச் சாத்தினேன்னு சொன்னீங்களே, அது நிஜமா, அதுவும் பொய்யா?”

“நிஜம்.”

“எப்போ திறந்தீங்க?”

“விடிஞ்சதுக்கப்புறம்.”

“அவரு எங்க இருந்தாரு?”

“படியிலயே படுத்திருந்தான். காய்ச்சல் அடிச்சுது. மூச்சு இருந்துச்சு.”

கண்ணாடிக் கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

“நானும் விடிஞ்சதுக்கப்புறம்தான் திறந்தேன்.”

“ஆமாங்க.”

“ரெண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செஞ்சிருக்கோம்.”

“ஆமா.”

“உங்களுக்கு மூச்சு இருந்துச்சு. எனக்கு இல்ல.” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்போ, கதவு இல்லையா? ஆறு மாசமா நான் அந்தக் கதவையே பிடிச்சுட்டுத் தொங்குறேனே. கதவுனால இல்லையா அது?”

இல்லை என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது அக்காவுக்கு! ஒரே வார்த்தை. அந்த அம்மாள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

“எனக்குத் தெரியலைங்க” என்றாள். “நிஜமாவே தெரியல.”

அந்த அம்மாள் அக்காவை உற்றுப் பார்த்தார். பிறகு கைப்பையையும் கடிதத்தையும் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.